மருமகள் சோப்பு

நேற்று உங்களில் ஒருத்தி கொட்டகையைக் கூட்டும்போது, அடுப்பு மேடையில் தட்டில் கிடந்த புளியங்கொட்டைகளைக் குப்பை என்று நினைத்து வாரிக் கொட்டிவிட்டாள். மேகலா போட்ட சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது. கொட்டியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. புதிதாக வந்தவளுக்கு அது குப்பையாகத்தான் தெரியும். ஆனால் சோப்பு செய்கிற இடத்தில் புளியங்கொட்டைக்கு என்ன வேலை என்று ஒருத்திகூடக் கேட்கவில்லையே, அதுதான் எனக்கு வருத்தம். கேள்வி கேட்கிற பழக்கம் இல்லாதவளுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

நான் ஓய்வு பெற்றுவிட்டவள். சால்வை போர்த்தி, மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் காற்று இந்தப் பக்கமிருந்து அடித்தால் எண்ணெய் வாசனை என் சமையலறைக்குள் வந்துவிடும். அதில் கொஞ்சம் கோளாறு தெரிந்தாலும் என் கால் தானாக இங்கே வந்து நின்றுவிடும். மேகலாவுக்கு இது பிடிக்காது. இருந்தாலும் டீ கொடுப்பாள்.

சோடாவை எப்படிக் கரைப்பது, அச்சில் எப்படி ஊற்றுவது என்பதையெல்லாம் அவள் சொல்லித் தருவாள். நான் சொல்ல வந்தது, சோப்பு கெட்டுப்போனால் நம் புத்தி எப்படிக் கெட்டுப்போகிறது என்பதைப் பற்றி.

முதலில் நாக்கைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். நாக்குக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, ஏனென்றால் கடைசித் தீர்ப்பு அதனிடம்தான் இருக்கிறது. காய்ந்த சோப்பில் ஈர விரலைத் தேய்த்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்போம். சோப்பு சரியாக இருந்தால் வெறும் சோப்புச் சுவை தெரியும். காஸ்டிக் சோடா மிஞ்சியிருந்தால் டார்ச் லைட் பேட்டரியை நக்கியதுபோல் சுர்ரென்று இழுக்கும். இத்தனை வருடம் இதையே செய்ததில் என் நாக்கு மரத்துப்போய்விட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். மரத்துப்போயிருந்தால் உங்களோடு எப்படி இவ்வளவு பேச முடியும் என்று நான் கேட்பேன்.

எங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க மலைக்குக் கீழேயிருந்து ஓர் அம்மா வந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் வாயைத் திறந்தால் எடை, எடை, எடைதான். எண்ணெயையும் எடை போடு, சோடாவையும் எடை போடு, கண்ணை நம்பாதே என்பார். போகும்போது ஓர் எலெக்ட்ரானிக் தராசையும் விட்டுப்போனார். அழகான சின்னத் தராசு. அதன்மேல் ஒருநாள் நல்லம்மாள் பலாப்பழத்தை வைத்துவிட்டாள்.

நல்லம்மாள் என்னோடு சேர்ந்து இந்தக் கொட்டகையைத் தொடங்கியவள். வளப்பூர் நாட்டில் அவள் தோட்டத்துப் பலாவுக்கு இணை கிடையாது என்பது அவள் கட்சி. பக்கத்துத் தோட்டக்காரர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வாக்குவாதம் முற்றி, பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தராசில் வைத்தாள். தராசு ஒரு நம்பரைக் காட்டியது. பழத்தை இறக்கிய பிறகும் அதே நம்பரைத்தான் காட்டியது. அதற்குப் பிறகு எண்ணெய் வைத்தாலும் சோடா வைத்தாலும் வெறும் விரலை வைத்தாலும் அந்தப் பலாப்பழத்தின் எடையையே காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நல்லம்மாள் மட்டும் பக்கத்துத் தோட்டக்காரரைக் கூட்டி வந்து அந்த நம்பரைக் காட்டினாள்.

வேறு தராசு வருகிறவரைக்கும் படியால் அளப்பது என்று முடிவு செய்தோம். எண்ணெயை நல்லம்மாள் அவள் வீட்டு இரும்புப் படியால் அளப்பாள். நான் வாசலில் காற்றோட்டமாக உட்கார்ந்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு டப்பாவில் சோடாவைத் தலைதட்டி எடுத்துக் கரைப்பேன். ஒருமுறை கலக்கி ஊற்றுவது ஓர் ஈடு. சில ஈடுகள் வழவழவென்று வந்தன, சில ஈடுகள் நாக்கை இழுத்தன. டப்பாவை மாற்றி மாற்றிப் பார்த்துக் கடைசியில் ஒரு டப்பா கச்சிதமாக அமைந்தது. அன்றிலிருந்து ஆறு படி எண்ணெய்க்கு ஒரு டப்பா சோடா என்பது எங்களுக்கு வேதவாக்கு. சோப்பு அவ்வளவு நன்றாக வந்தது. வேறு தராசு வாங்குகிற பேச்சையே மறந்துவிட்டோம்.

இப்படி இருக்கும்போது நல்லம்மாள் மகனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டி. இன்றைக்கு உங்களை மிரட்டி வேலை வாங்குகிறாளே, அதே மேகலாதான். அன்றைக்கு இவ்வளவு சத்தம் கிடையாது. நல்லம்மாளுக்கு முழங்கால் வலி ஆரம்பித்திருந்ததால், தன்னால் வர முடியாத நாட்களில் மருமகளை அனுப்பினாள். வந்த முதல் நாளே அந்தப் பெண் படியைக் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் எண்ணெயில் கை வைத்தாள். கை சுத்தமான பெண் கிடைத்தாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அவள் அளந்து ஊற்றிய அந்த முதல் ஈட்டை அறுக்கக் கம்பியை வைத்தபோது, பாகு முற்றிய மைசூர்பாகுபோல் பொலபொலவென்று உதிர்ந்தது. மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. நான் வழக்கம்போல் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். அடுத்த கணம் தண்ணீர்க் குடத்தில் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். அன்று ராத்திரி ரசத்தில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர்தான் இல்லை என்றார்.

அடுத்த முறை நல்லம்மாள் வந்து அளந்தாள். சோப்பு வெண்ணெய்க்கட்டிபோல் அழகாக வந்தது. அதற்கடுத்து மேகலா, மறுபடியும் உதிர்ந்தது.

நான் சும்மா இருப்பேனா? துப்பறியத் தொடங்கினேன். குளிர்தான் காரணம் என்று முதலில் சொன்னேன். நம் மலையில் விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும், சரியாக உருகாமல் ஊற்றியிருப்பாள் என்று நினைத்து, எண்ணெயை நன்றாகக் காய்ச்சி ஆறவைத்துச் செய்தோம். சோப்பு அருமையாக வந்தது. குளிரை வென்றுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அன்றைக்கு அளந்தது நல்லம்மாள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. மறுமுறை மேகலா, அதே காய்ச்சிய எண்ணெயில், அதே மைசூர்பாகு.

பிறகு தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். பிறகு எண்ணெய்க் கடைக்காரரைச் சந்தேகப்பட்டு, போனில் அவரை நான் பேசிய பேச்சுக்கு அவர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் கல்லாவுக்குக் கீழே எதையோ தேடுவார். ஒருநாள் சோடாவைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து நல்லம்மாளுக்கு முழங்கால் வலி விட்டுவிட்டது, வந்து அளந்துவிட்டாள். சோப்பு இறுகவே இல்லை. அல்வாபோல் அச்சிலேயே உட்கார்ந்திருந்தது. நான் கண்டுபிடித்த ஒவ்வொரு காரணமும் நல்லம்மாள் வந்த நாளில் நிரூபணமாகி, மேகலா வந்த நாளில் பொய்யாகிக்கொண்டிருந்தது.

கெட்ட சோப்பை என்ன செய்வது? மூலையில் அடுக்கி வைத்தோம். எங்கள் ஊருக்கு வருகிற பஸ்ஸின் டிரைவர் ஒருநாள் கை கழுவ வந்தவர் அதில் ஒரு கட்டியை எடுத்துத் தேய்த்தார். கையில் இருந்த கிரீஸ் மொத்தமும் போய்விட்டது. தோலும் கொஞ்சம் போனது, ஆனால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சக்கரம் கழுவ, படிக்கட்டுத் தேய்க்க என்று கேட்டு வாங்கிப்போக ஆரம்பித்தார். இது எந்தச் சோப்பு என்று அவர் கேட்டதற்கு யாரோ விளையாட்டாக மருமகள் செய்தது என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், பெயர் நிலைத்துவிட்டது. நல்லது மாமியார் சோப்பு, கெட்டது மருமகள் சோப்பு. செம்மேடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது.

நானும் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

ஏனென்றால் பேச்சு கொட்டகையோடு நிற்கவில்லை. அவள் கையில் ராசி இல்லை என்று ஆரம்பித்தார்கள். நல்லம்மாள் பொல்லாத மாமியார் இல்லை, மருமகளை ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டாள். ஆனால் பயந்தவள். முதலில் மிளகுக் கொடி நடும்போது அதைத் தொட வேண்டாம் என்று மேகலாவிடம் சொன்னாள். பிறகு விதைச் சாமையை எடுக்க வேண்டாம் என்றாள். கடைசியில் பாலுக்கு உறை ஊற்றுகிற வேலையையும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒரு வீட்டுக்கு வந்த மருமகள் அந்த வீட்டுப் பாலுக்கு உறை ஊற்றக்கூடாது என்றால், அவள் அந்த வீட்டில் யார்? அவள் புருஷன் அன்னாசிப்பழ லோடு ஏற்றிக்கொண்டு கீழே போய் வருகிறவன். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே வாயைத் திறந்தால் ஆபத்து என்று கல்யாணத்தன்றே தெரிந்துகொண்டவன்.

ஒருநாள் சோப்பு அறுத்துக்கொண்டிருக்கும்போது மேகலா என்னிடம் கேட்டாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஏனுங்க்கா, கையில ராசி இல்லாமயே ஒருத்தி பொறப்பாளுங்களா?"

அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் என் குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை, அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷம் என் மீதே எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த ஈட்டுக்குச் சோடாவை முன்னாலேயே கரைத்து ஆறவைத்துவிட்டு, மேகலா எண்ணெய் அளக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்பார்களே, அப்படி. அவள் மனசுக்குள் எண்ணினாள், நான் விரல் விட்டு எண்ணினேன். நிறைபடி ஆறு, ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு டப்பா சோடா, அதை எடுத்தது நான். எல்லாம் சரி. ஆனால் சோப்பு உதிர்ந்தது.

உண்மையைச் சொல்கிறேன் கண்ணுகளா, அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்தும் சோப்பு கெடுகிறது, ஆள் மாறினால் நன்றாக வருகிறது என்றால், ராசி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? சொல்லிக்கொடுத்த அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தராசு என்ன ஆனது என்று கேட்டார், பலாப்பழத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கெட்டுப்போன ஈட்டைத்தான் இவ்வளவு நேரம் சொன்னீங்க. நல்லா வந்த ஈட்டை யாராவது பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. காய்ச்சல்காரனை விட்டுவிட்டு நன்றாக இருக்கிறவனுக்கு ஊசி போடச் சொல்கிறாரே, இவருக்கும் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. கொட்டகையில் அண்டா, துடுப்பு, படி, டப்பா எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் பூஜை போடுவது வழக்கம். பூஜைக்கு முந்தின நாள் செம்மேட்டில் சந்தை. வழக்கமாகப் பொரி வாங்கிவருவது என் வீட்டுக்காரர். அந்த வருடம் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் நானே போனேன்.

பொரிக் கடைக்காரர் கீழேயிருந்து வந்தவர். இப்போது எல்லாம் கிலோ கணக்கு என்றாலும் பொரிக்கு மட்டும் இன்னும் படிதான். ஆறு படி போடச் சொன்னேன். அவர் படியை மூட்டைக்குள் விட்டு அள்ளி, "லாபம்" என்று சொல்லிப் பையில் கொட்டினார். அடுத்ததை ரெண்டு என்றார், மூணு என்றார். ஆறு என்றதும் பையின் வாயைக் கட்டிவிட்டார்.

எங்கள் களத்தில் சாமை அளந்து பார்த்துப் பழகியவள் நான். என்னை ஏமாற்ற முடியுமா? இன்னும் ஒரு படி போட வேண்டும் என்றேன். ஆறும் போட்டாயிற்று என்றார். லாபத்தைப் போய்க் கணக்கில் சேர்ப்பீர்களா என்று நான் குரலை உயர்த்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"லாபமுன்னா மொதப் படிங்க்கா. ஒண்ணுன்னு சொல்லாம லாபமுன்னு சொல்றது. அடுத்தது ரெண்டு."

"லாபம் சாமிக்குங்க. அதப் போட்டுட்டு அப்பறந்தான் ஒண்ணுன்னு ஆரம்பிக்கோணும்."

"அப்படின்னா சாமிக்குப் போட்ட படிக்குக் காசு யாருங்க்கா குடுக்கறது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உங்கள் ஊரில் சாமியே கிடையாதா என்று பதிலுக்குக் கேட்க வாயைத் திறந்தவள், திறந்த வாயோடு நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்துக் களங்களில் தானியம் அளக்கும்போது முதல் படியை லாபம் என்று சொல்லிக் குவியலில் போடுவோம். அது சாமி பங்கு. அதை எண்ணமாட்டோம். பிறகுதான் ஒண்ணு, ரெண்டு. எண்ணெயாக இருந்தாலும் நல்லம்மாளின் வாய் அப்படித்தான் எண்ணும். அவள் ஆறு படி என்றால் ஏழு படி. அந்த ஏழு படிக்குத்தான் நான் வாசலில் உட்கார்ந்து டப்பாவை மாற்றி மாற்றிச் சோடாவைச் சரிக்கட்டியிருக்கிறேன். அவள் அளந்ததை நான் ஒருநாளும் உள்ளே வந்து பார்த்ததில்லை. நன்றாக வருகிற சோப்பை எதற்குப் பார்க்க வேண்டும்? மேகலா கீழே பிறந்தவள். அவளுக்கு லாபம்தான் முதல் படி. அவள் ஆறு என்றால் ஆறேதான். ஒரு படி எண்ணெய் குறைந்ததால் அந்தச் சோடா என் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு பேரும் சரியாக அளந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஆறுதான் எண்ணியிருக்கிறார்கள். ராசி இல்லாமல் போனது எங்கள் வேதவாக்குக்குத்தான்.

நான் பேச்சை நிறுத்தியதைப் பார்த்துப் பொரிக் கடைக்காரர் பயந்துவிட்டார். மயக்கம் வருகிறதோ என்று நினைத்து உட்காரச் சொன்னார், பையைப் பிரித்து இன்னும் ஒரு படியும் போட்டார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். சண்டை போட்ட பொம்பளை எதற்குக் கும்பிடுகிறாள் என்று புரியாமல் அவரும் கும்பிட்டார்.

பஸ்ஸில் ஏறிப் பொரிப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அது நம் டிரைவருடைய பஸ்தான். எங்கள் ஊர் வரைக்கும் வந்து, திரும்பிச் செம்மேடு வழியாகக் கீழே போகிற பஸ். வழி நெடுக லாபம், ஒண்ணு, லாபம், ரெண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஊரில் இறங்கினால், டீக்கடை முன்னால் மேகலா துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. கொஞ்சம் தள்ளி நல்லம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள், கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். கோபமாக இருந்தாலும் சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு அனுப்பக்கூடாது அல்லவா?

விஷயம் இதுதான். பூஜைக்காக மேகலா படியைக் கழுவிப் பொட்டு வைக்கப் போயிருக்கிறாள். நல்லம்மாள் அதைக் கையிலிருந்து வாங்கி, பூஜைச் சாமானை மட்டும் நீ தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மேகலா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பண்டிகைக்குப் போகிறாளா, ஒரேயடியாகப் போகிறாளா என்று கேட்க நல்லம்மாளுக்குத் தைரியம் இல்லை. சொல்ல மேகலாவுக்கு விருப்பம் இல்லை. பஸ் திரும்பி நின்று ஹாரன் அடித்தது.

நான் மேகலாவின் கையைப் பிடித்து டீக்கடைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். நல்லம்மாளையும் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். நான் போட்ட அதட்டலில் வந்துவிட்டாள். டீக்கடைக்காரரிடம் ஒரு சொம்பு கேட்டேன், பெஞ்சின் மேல் என் துண்டை விரித்தேன். பொரிப் பையை மேகலா முன்னால் வைத்து, எண்ணெய் அளக்கிற மாதிரியே மூன்று சொம்பு அளந்து கொட்டு, வாய்விட்டு எண்ணு என்றேன். அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அளந்தாள்.

"லாபம். ரெண்டு. மூணு."

நல்லம்மாளிடம் அதே சொம்பைக் கொடுத்து, நீயும் மூன்று சொம்பு போடு என்றேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வாங்கினாள்.

"லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு."

பெஞ்சின் மேல் இரண்டு குவியல். ஹாரன் அடித்து அலுத்துப்போய் டிரைவரும், அவர் பின்னால் கண்டக்டரும், கண்டக்டர் பின்னால் பாதி பஸ்ஸும் கடைக்குள் வந்து நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கண்டக்டர்தான் எண்ணிப் பழகியவர், அவர் கண்ணுக்கு முதலில் பட்டது.

"ஏனுங்க, அவங்க மூணு போட்டாங்க. நீங்க நாலு போட்டிருக்கறீங்க."

மூணுதான் போட்டேன் என்று நல்லம்மாள் சாதித்தாள். லாபத்தைச் சேர்த்தால் நாலு என்றார் கண்டக்டர். லாபத்தை எந்த ஊரில் சேர்ப்பார்கள் என்று அவள் கேட்டாள். கீழே எல்லா ஊரிலும் சேர்ப்போம் என்று பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் சொன்னார். மலைக்காரர்கள் ஒரு பக்கமும் கீழ்நாட்டுக்காரர்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்று, கொஞ்ச நேரம் கடை ரெண்டுபட்டது. பொரியை ஆளுக்கு ஒரு பிடி தின்றுகொண்டே வாதாடினார்கள். சாட்சியம் குறைந்துகொண்டே வந்தது.

நான் சோடா டப்பாவின் கதையை முழுசாகச் சொன்னேன். சொல்லி முடித்தபோது நல்லம்மாள் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் தானாக மடங்கி மடங்கி எண்ணிக்கொண்டிருந்தன. பிறகு அவள் மருமகளைப் பார்த்தாள். என்ன சொல்வாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தப்பு என்று சொல்கிற வழக்கம் அவள் வாய்க்குக் கிடையாது. வாழைப்பழச் சீப்பை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, மேகலாவின் தோளிலிருந்த துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஊட்டுல பாலக் காய்ச்சி ஆற வெச்சிருக்கறேன். வந்து ஒற ஊத்து சாமி."

மேகலா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. டிரைவர் முகமும் வாடித்தான் இருந்தது. இனிமேல் சக்கரம் கழுவ மருமகள் சோப்பு கிடைக்காதா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

லாபம் சேர்த்தியா இல்லையா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை, அந்த வீட்டில் தீரவும் தீராது. அதனால்தான் தட்டில் ஏழு புளியங்கொட்டை. ஒரு படி ஊற்றினால் ஒரு கொட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ள வேண்டும். வாய் லாபம் என்று சொன்னாலும் சரி, சாமி பெயரைச் சொன்னாலும் சரி, கொட்டை தீர்ந்தால் எண்ணெய் தீர்ந்தது. இப்போது நல்ல தராசு வந்துவிட்டது, ஆனாலும் மேகலா கொட்டையைத் தள்ளாமல் எண்ணெயில் கை வைக்கமாட்டாள். அவள் போட்ட சத்தத்துக்குக் காரணம் இதுதான். போய் வேறு ஏழு கொட்டை பொறுக்கி வந்து வைத்துவிடுங்கள்.

கெட்டுப்போன ஈட்டைச் சுற்றி நின்று ஆராய்ச்சி செய்ய ஊரே வரும். நன்றாக வந்த ஈட்டைப் பக்கத்தில் நின்று பார்க்க ஒருத்தி வரமாட்டாள். நீங்கள் வாருங்கள். அந்த அம்மா போனில் கேட்ட கேள்விக்கு வயதாகவில்லை, எனக்குத்தான் காது போதவில்லை.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. அன்று மேகலா உறை ஊற்றிய பால், ஆயுத பூஜையன்று காலையில் கத்தியால் வெட்டி எடுக்கிற மாதிரி கெட்டித் தயிராக உறைந்திருந்தது. நம் மலைக் குளிரில் அப்படி உறைவது அபூர்வம்தான். பாலின் சூடு சரியாக இருந்திருக்கும், பாத்திரத்தை அடுப்போரம் வைத்திருப்பாள், அவ்வளவுதான் விஷயம். நல்லம்மாள் அந்தத் தயிர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். கொட்டகைக்கும் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"பாத்தியா சரசு? எம் மருமக கைராசி."